பூட்டின வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

அக்கா! உன்னை நான் ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது சத்தமாகப் படித்து அம்மா காதில் விழும். அதற்கப்புறம் அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை ஏறாது. அதனால் அக்கா என்றே கூப்பிடுகிறேன். கேட்கிறதா, அக்கா? உன்னைக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் ஏழாவதோடு நின்றவள். எழுத்துப் பிழை இருக்கும். கோபத்தில் பிழை இல்லை.

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம், குரும்பலூர்ப் பக்கம். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை. வாரத்துக்கு ஒருநாள் பஸ் பிடித்து வருவார். அக்காவை அம்மாவுடைய கூடப்பிறந்த தம்பிக்கே கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா வீடு எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி. கட்டிக் கொடுத்ததே தெரியாது. குழம்பு கொதிக்கிற வாசனைக்கு அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். மூத்தது பையன். ரெண்டாவது வயிற்றில் இருந்தது.

எட்டாம் மாதமும் அக்கா பருத்தி எடுக்கப் போனாள். நர்சம்மா வந்து கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, வெள்ளைத்தாள் மாதிரி இருக்கு? ரத்தமே இல்லையே" என்று சத்தம் போட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அதைப் போட்டால் அக்காவுக்கு வாந்தி வரும். "ரத்தம் ஊறுறதுக்கு முன்னால சோறு வெளிய வந்துடுதுடி" என்று சிரிப்பாள். மாமாவும் சிரிப்பார். எல்லாரும் சிரித்தோம். யாரும் வேறு மாத்திரை கேட்டு வாங்கித் தரவில்லை.

இரண்டாயிரத்து ஆறு, தை மாதம். ரெண்டு பேர் பையை மாட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள். தெருத்தெருவாகப் படம் வரைந்து, வீட்டுக்கு வீடு நிலைக்கட்டையில் நம்பர் எழுதினார்கள். அக்கா வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்குங்க நம்பர் போடுறீங்க? ரேசன்ல எதும் குடுக்கவா, இல்ல ரோடு போட வூட்ட இடிக்கவா?"

"ரெண்டும் இல்லம்மா. நாடு முழுக்க சுகாதாரக் கணக்கு எடுக்குறாங்க. அதுக்கு வூடு எண்ணுறோம். வூட்டுல எத்தினி பேரு?"

"மூணு. கொஞ்சம் பொறுத்து வந்தீங்கன்னா நாலு."

அவர்கள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார்கள்.

பொறுத்து வந்தார்கள். அப்போதும் மூன்று பேர்தான். ஆனால் அந்த மூன்று பேரும் அந்த வீட்டில் இல்லை.

பெண் குழந்தை. பிரசவம் ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் ஆனது. தலைப்பிள்ளைக்குத்தான் தாய்வீடு, ரெண்டாவதுக்குப் புருஷன் வீடு என்று எங்கள் பக்கம் வழக்கம். அதனால் அவள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். வந்த மறுநாள் ரத்தப்போக்கு நிற்கவில்லை. துணி மாற்றி மாற்றி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நான் கத்தினேன். "அழுக்கு ரத்தம்டி, போவட்டும். உள்ள தங்குனாத்தான் கெடுதி" என்றார்கள் தெருப் பெண்கள். அம்மாவும் அதையே சொன்னாள். அம்மா மேலும் எனக்குக் கோபம்தான், எழுதாமல் எப்படி இருப்பேன்? அக்காவுக்கு நாக்கு வெளுத்துப் பேச்சு குழறியபோதுதான் மாமா வண்டிக்கு ஓடினார். வெங்காய லோடு ஏற்றிக்கொண்டிருந்த வேனை மூட்டையை இறக்கச் சொல்லிக் கூட்டிவந்தார். வேன் வாசலில் நின்றபோது அக்கா இல்லை.

இந்த வருஷங்களில் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள். இப்போது மறுபடி பிரித்திருக்கிறார்கள். மாவட்டம் இப்படிப் போகவும் வரவும் தெரிந்து வைத்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஒரு ஆம்புலன்ஸுக்கு வழி தெரியவில்லை.

பஞ்சாங்கம் பார்த்தார்கள். "அவிட்டம். அடைப்பு நட்சத்திரம். ஆறு மாசம் அந்த வூட்டுல அடுப்பு எரியக்கூடாது, ஆள் பொழங்கக்கூடாது. மீறினா இன்னொரு உசுர இழுத்துக்கிட்டுப் போவும்" என்றார்கள். காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டினார்கள். வாசலில் முள்ளை வெட்டிப் போட்டார்கள். மாமா பையனைக் கூட்டிக்கொண்டு வயல் மோட்டார் கொட்டகைக்குக் குடிபோனார். பச்சைக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆட்டுப்பாலும் பவுடர் பாலும் கரைத்து நான்தான் ஊட்டினேன்.

சித்திரையில் ஜீப் வந்தது. சூப்பர்வைசர் சார் ஒருவர், பேட்டி எடுக்கிற பெண்கள் சிலர். எங்கள் வீடும் அவர்கள் எடுத்த வீடுகளில் இருந்தது, மாமா வீடும் இருந்தது. முதல் நாள் அந்த முள்ளைப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்கள். அந்த வீட்டு ஆட்கள் எங்கே என்று அவர்கள் கேட்ட பிறகுதான், அக்கா வீட்டைப் பற்றிக் கேட்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று எனக்கு உறைத்தது. அவள் செத்து இத்தனை நாளில் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

"வயலுக்கு வாங்க சார். மாமா அங்க இருக்காரு. எல்லாம் சொல்லுவாரு" என்றேன்.

"அப்புடி முடியாதும்மா. நம்பர் போட்டது அந்த வூட்டுக்கு. கொட்டகைக்கு நம்பர் இல்லை."

"அதே ஆளுதான சார்?"

"ஆளு அதேதான். ஆனா நாங்களா எடம் மாத்திக்கிட்டா தப்பாப் போயிடும். பூட்டியிருக்குன்னு பக்கத்து வூட்டுக்குப் போனா, அதுக்குப் பக்கத்துல நெழலா இருக்குற வூட்டுக்குத்தான் போவத் தோணும். சேர் போட்டு மோர் குடுக்குற வூடாப் பாத்து ஒக்காந்துடுவோம். அதனாலதான் மாத்தவே கூடாதுன்னு வச்சிருக்காங்க. நாளைக்கும் வருவோம், நாளான்னிக்கும் வருவோம். அப்பவும் பூட்டியிருந்தா பூட்டின வூடுன்னு எழுதிடுவோம்."

அவர் சொன்னது நியாயம்தான். அது நியாயமாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அம்மா கேட்டாள், "ஊருல இவ்வளவு வூடு இருக்கு, எங்க ரெண்டு வூட்டயும் எதுக்குங்க புடிச்சீங்க?"

"நாங்க புடிக்கலம்மா, வரிசையில வந்துது. மொதல்ல எந்தெந்த ஊருன்னு பொறுக்குவாங்க. பெரிய ஊரு விழ வாய்ப்பு சாஸ்தி, சின்ன ஊரு கம்மி. அப்புறம் ஊருக்குள்ள இத்தினி வூட்டுக்கு ஒண்ணுன்னு இடம் விட்டு இடம் விட்டு எடுப்பாங்க. எடுத்த வூடு, எடுக்காத வூட்டுக்கெல்லாம் சேத்துப் பதில் சொல்லுது. எத்தினி வூட்டுக்குச் சேத்துச் சொல்லுதோ, அதுதான் அந்த வூட்டோட வெயிட்டு."

"எங்களுக்குப் பதில் சொல்லவே எங்களுக்கு வாயில்ல. இதுல ஊருக்கு வேறயா?" என்றேன்.

"டவுன்ல ஆளு கணக்குக்கு மேலயே வூடு எடுத்திருந்தாங்கன்னா, டவுன் வூட்டு வெயிட்டக் கொறைப்பாங்க. கிராமத்துல கம்மியா எடுத்திருந்தா ஏத்துவாங்க. அப்பத்தான் மொத்தக் கணக்கு நேராவும்."

"பரவால்லையே, ஒரு தடவையாவது டவுன்காரன விட நாங்க ஒசத்தி" என்றாள் அம்மா. அக்கா போன பிறகு அம்மா பேசிய முதல் கிண்டல் அது. நான் ரசிக்கவில்லை.

"பூட்டின வூடு? அதுக்கு யாரு சார் பதில் சொல்லுவா?"

"அதோட பங்க இந்தப் பக்கத்துல பதில் சொன்ன வூடுங்க தலையில பிரிச்சு ஏத்திடுவாங்க. விட்டுப் போவாதும்மா. கவலப்படாத."

கவலைப்படாதே என்றார். எங்கள் பக்கத்தில் பதில் சொன்ன வீடுகள் எவை என்று எனக்குத் தெரியும். ஒன்று மாடி வீடு. அந்த வீட்டு மருமகளுக்குத் திருச்சியில் பிரசவம், காரில் போய்க் காரில் வந்தாள். இன்னொன்றில் பிள்ளைபெறும் வயதில் ஆளே இல்லை. இவர்கள் தலையில் எங்கள் அக்காவை ஏற்றுவார்களாம். அவர்கள் "நல்லாயிருக்கோம்" என்று சொல்வார்கள். அது எங்கள் அக்காவும் சேர்ந்து நல்லாயிருக்கேன் என்று சொன்னதாக மேலே போகும்.

மறுநாளும் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அன்று சாயங்காலம் நான் வயலுக்குப் போனேன். மாமா வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மாமா, வூட்டுச் சாவியக் குடுங்க."

"எதுக்குப் புள்ள?"

"காலையில கணக்கெடுக்க வராங்க. வூடு தெறந்திருந்தா எழுதுவாங்க. இல்லன்னா அக்கா இருந்தான்னே இல்லாமப் போயிடும்."

"ஆறு மாசம் ஆவலையே. தெறந்தா இன்னொரு உசுர இழுக்கும்னாங்கல்ல?"

"என்னைய இழுக்கட்டும்."

"வாயக் கழுவு." மண்வெட்டியை வரப்பில் ஊன்றி நின்றார். "எழுதிட்டா மட்டும் வரப்போறாளா?"

"வர வேணாம் மாமா. போனான்னாவது எழுதட்டும்."

மடை உடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் போனது. அதைக்கூட அவர் கட்டவில்லை. அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக் கையில் வைத்தார். "நான் வரல புள்ள. அந்த எடத்த நான் பாக்க மாட்டேன்" என்றார்.

விடிந்ததும் போய் முள்ளை இழுத்துப் போட்டேன். கையெல்லாம் கீறல். எதிர்வீட்டுக்காரி துடைப்பத்தோடு ஓடிவந்தாள்.

"ஏண்டி, உனக்கு அறிவு இருக்கா? தெருவையே காவு குடுக்கப் போறியா?"

"காவு குடுத்தது நாங்க. நீங்கல்லாம் நல்லாத்தான இருக்கீங்க?"

"வாயப் பாரு. ஒங்கம்மாட்ட சொல்றேன் இரு."

"சொல்லுங்க. அழுக்கு ரத்தம், போவட்டும்னு சொன்ன வாயிதான ஒங்க வாயி?"

துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். அப்படிக் கேட்டதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

உள்ளே எலிப் புழுக்கை, மூச்சு முட்டும் புழுதி. கொடியில் அக்காவுடைய பாவாடை காய்ந்து விறைத்துப் போயிருந்தது. அதை மடித்து வைத்தேன். வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுக் கதவை விரியத் திறந்துபோட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

சார் வந்தார். கதவு திறந்திருப்பதைப் பார்த்ததும் அவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. கூட வந்த பெண் பாயில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

"இந்த வூட்டுல வழக்கமா இருக்கறது யாரு? நேத்து ராத்திரி இங்க யாரெல்லாம் படுத்திருந்தீங்க?"

எனக்குப் பொய் வாய் வரைக்கும் வந்துவிட்டது. மாமாவும் பையனும் என்று சொல்லியிருப்பேன். வாசலில் தெருவே நின்றது.

"யாரும் இல்லீங்க!" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "ரெண்டு மாசமா அடைப்பு வூடுங்க. இவ இப்பத்தான் முள்ளப் புடுங்கிட்டு ஒக்காந்திருக்கா."

அந்தப் பெண் சாரைப் பார்த்தாள். சார் அடுப்பைப் பார்த்தார். அதில் சிலந்தி வலை கட்டியிருந்தது. "ஆளில்லாத வூடும்மா" என்றார் மெதுவாக. பேனா மூடியது.

நான் என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. நினைவிருப்பதை எழுதுகிறேன்.

"சார், திருப்பூருக்குப் போயிப் பூட்டுன வூடும் இதுவும் ஒண்ணா? இந்த வூடு பூட்டுனதே அவ செத்ததாலதான். அவ செத்திருக்கலேன்னா நீங்க வந்தன்னிக்கு இங்கதான் ஒக்காந்து புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருந்திருப்பா. சாவாத வூடெல்லாம் தெறந்திருக்கும், செத்த வூடு பூட்டியிருக்கும். நீங்க தெறந்த வூட்டயே கேட்டுட்டுப் போனா எல்லாரும் சொகமாத்தான இருப்பாங்க?"

"இந்த ஊர மட்டும் பாத்தா நீ சொல்றது சரி" என்றார். "ஆனா எத்தினியோ ஊருல எத்தினியோ வூடு பூட்டியிருக்கு. வேலைக்குப் போனவங்க, கோயிலுக்குப் போனவங்க, கல்யாணத்துக்குப் போனவங்க. ஒவ்வொண்ணும் எதுக்குப் பூட்டியிருக்குன்னு கேக்க ஆளில்ல. அதனால இருக்கறவங்கள மாதிரியே இல்லாதவங்களும்னு வச்சுக்கறோம். வேற வழி இருந்தா சொல்லு."

"ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம் மாதிரியா?"

"ஆமா, அப்புடித்தான்."

"அது ஒரே பானையில ஒண்ணா வெந்த சோறு சார். எங்க ஊருல ஒரு தெரு கொழையுது, ஒரு தெரு அரிசியாவே கெடக்குது. எந்தச் சோத்த எடுப்பீங்க?"

"அவரு என்னடி பண்ணுவாரு, கூலிக்கு வந்தவரு" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். என் பின்னாலேயே தெருக்காரர்கள் கதவை இழுத்துப் பூட்டி முள்ளைத் திரும்பப் போட்டார்கள். பூட்டுவதற்கு மட்டும் ஆயிரம் கை.

பிறகு எங்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அப்பா பேரை எழுதினார்கள். அப்பா முந்தின ராத்திரி அரியலூரில் படுத்திருந்தார். "வழக்கமா இங்க இருக்கறவர்தான? போதும்" என்றாள் அந்தப் பெண். எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. எங்கள் அக்கா அந்த வீட்டில் வழக்கமாக இருந்தவள் இல்லையா? அவளைவிட வழக்கமாக அந்த வீட்டில் இருந்தது யார்?

என் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சின்ன மெஷினில் வைத்தாள். "உங்களுக்கும் ரத்தம் கம்மியாத்தாங்க இருக்கு. கீரை சாப்புடுங்க. ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்று ஒரு சீட்டு கொடுத்தாள். பொம்பளைகளுக்குத் தனி வெயிட்டாம். யாராவது மாட்டேன் என்று போனால் அதையும் மற்ற பொம்பளைகள் மேல் ஏற்றுவார்களாம். அந்த ஒரு சொட்டை வைத்து எத்தனை பேருக்கு ரத்தமில்லை என்று கணக்காகும். அதில் அக்கா இருந்தாலும் இருப்பாள். அந்த மட்டுக்கு சார் சொன்னது பொய்யில்லை. ஆனால் ரத்தமில்லாமல் உட்கார்ந்து பதில் சொன்னவள் நான். ரத்தமில்லாமல் செத்தவள் அவள். இந்த ரெண்டும் எப்படி ஒன்றாகும்?

கடைசியில் தொட்டிலைப் பார்த்துக் கேட்டாள், "இது யாரு கொழந்த? நேத்து இங்கதான் தூங்குச்சா?"

"இங்கதான்."

"இதப் பெத்த அம்மா உசுரோட இருக்காங்களா?"

அம்மா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொன்னேன், "இல்ல."

தாளில் இருந்த நம்பர் மேல் ஒரு வட்டம் போட்டாள். அவ்வளவுதான். மூன்று நாள் ஊரோடு சண்டை போட்டு நான் திறக்கப் பார்த்தது, தொட்டிலில் கிடந்த குழந்தை வழியாக ஒரு வட்டத்தில் முடிந்தது.

"எப்புடிச் செத்தாங்கன்னு கேக்க மாட்டீங்களா?"

"இதுல அந்தக் கேள்வி இல்லீங்க அக்கா" என்றாள். என்னைவிட ரெண்டு வயது மூத்தவளாக இருப்பாள், என்னை அக்கா என்றாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவள் கலங்கியது வேண்டாம், கேள்விதான் வேண்டும்.

"நான் இல்லன்னு சொன்னனே, அதையும் அந்த வெயிட்டால பெருக்குவீங்களா சார்?"

"பெருக்குவாங்க. மேல கம்ப்யூட்டர்ல."

"பெருக்குனா?"

"இந்த மாதிரி அம்மா இல்லாத கொழந்த நாட்டுல எவ்வளவுன்னு வரும்."

எவ்வளவு வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. எத்தனை வந்தாலும் அதில் ஒன்று எங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடந்தது. மற்றதெல்லாம் எந்த ஊரில், எந்தச் சித்தி மடியில் கிடக்கிறது என்று தேடிப் போக யாரும் ஜீப் எடுக்க மாட்டார்கள்.

அடைப்பு முடிந்த பிறகும் மாமா அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. குழந்தை இப்போது நடக்கிறது. என்னைத்தான் அம்மா என்கிறது. நான் திருத்துவதில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் பெருமாளைக் கும்பிடுகிறவர்களோ, மாரியாத்தாளைக் கும்பிடுகிறவர்களோ, அல்லாவையோ ஏசுவையோ, யாராக இருந்தாலும் சரி. விளக்கு வைக்கும்போது எங்கள் அக்காவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். ஊரில் செத்த எல்லாருக்கும் சேர்த்து, அதில் அவளுக்கும் ஒரு பங்கு என்று வேண்டாதீர்கள். அவளுக்கு மட்டும் தனியாக வேண்டுங்கள்.